மொட்டை மாடியிலிருந்து கேலக்ஸி பார்க்க எந்தப் பைனாகுலர்?

சென்னையைச் சுற்றித் தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி, பொன்னேரி என்று ஏதோ ஒரு புறநகரில் வீடு. மேலே மொட்டை மாடி. நிலாவும் சனியும் பார்த்தாயிற்று, பால்வழிக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிகளையும் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. கையில் ஒரே ஒரு பைனாகுலருக்கான பணம். 7×50, 8×42, 10×50, 15×70, 20×80 என்று வரிசையாக விற்கிறார்களே (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் அகலம் மி.மீ.இல்), எதை எடுப்பது?

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "முன்பக்க லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, நிறைய வெளிச்சம் உள்ளே வரும்" என்பது. கிராமத்து இருட்டுக்கு அது பொருந்தும். புறநகர் மாடிக்குப் பாதிதான் பொருந்தும். நம் மாடியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, தொல்லையே அதுதான்.

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேலக்ஸிதான் முதல் நோக்கம் என்றால் 15×70, அதைத் தாங்கும் ஸ்டாண்டோடு சேர்த்து. ஸ்டாண்டுக்குப் பணமில்லை, அல்லது பறவை, கிரிக்கெட் என்று பகல் வேலைக்கும் அதே பைனாகுலர் வேண்டும் என்றால் 10×50. 7×50, 20×80 இரண்டையும் நான் வாங்க மாட்டேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வானம் எவ்வளவு வெளிறியது?

ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானாய்வாளர் 2001-இல் இரவு வானத்தின் இருட்டை ஒன்பது படிகளாகப் பிரித்தார். 1 என்பது மாசே இல்லாத இருட்டு, 9 என்பது மாநகரத்தின் நட்டநடு. சென்னைப் புறநகர் மாடிகளை 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல இருட்டு வானம் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்றால் ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) கிட்டத்தட்ட 22 மேக்னிட்யூட் இருக்கும். வெளிச்சமான புறநகரில் அது 18.5 வரை இறங்கிவிடும். மேக்னிட்யூட் என்பது வெளிச்சத்தின் தலைகீழ் அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 3.5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் 25 மடங்கு. நட்சத்திரம் ஒரு புள்ளி என்பதால் இந்த வெளிறலிலும் எப்படியோ தப்பித்துக்கொள்கிறது. கேலக்ஸியின் வெளிச்சமோ ஒரு பரப்பில் பரவிக் கிடக்கிறது. அந்தப் பரப்பு, பின்னால் இருக்கும் வானத்தைவிடத் துளியாவது தூக்கலாக இருந்தால்தான் கண்ணுக்குப் படும்.

இதில் பைனாகுலரால் கேலக்ஸிக்குச் சிபாரிசு செய்ய முடியாது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் மெதுவாகப் பேசுகிறார் என்று வையுங்கள். காதில் ஒலிபெருக்கி மாட்டினால் பேச்சும் கூடும், மேளமும் கூடும். பெரிய லென்ஸ் செய்வதும் அதையே. கேலக்ஸியின் வெளிச்சத்தோடு வானத்தின் வெளிறலும் அதே விகிதத்தில் உள்ளே வரும். இரண்டுக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் மாறவே மாறாது.

அப்படியானால் பைனாகுலரில் ஏன் கூடுதலாகத் தெரிகிறது? காரணம் உருப்பெருக்கம். மங்கலான ஒரு திட்டு விழித்திரையில் எவ்வளவு பெரிய இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு குறைந்த கான்ட்ராஸ்டிலும் மூளை அதைப் பிடித்துக்கொள்ளும். 1946-இல் ரிச்சர்ட் பிளாக்வெல் வெளியிட்ட பார்வைச் சோதனைகள் இதை எண்களாகவே காட்டின. வானத்துப் பொருள்களுக்கு அந்த முடிவுகளை இன்றைக்கும் ஆட்கள் எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். வெளிறிய வானத்தில் சிறிய கேலக்ஸியைப் பிடிக்க உருப்பெருக்கத்தைக் கூட்டு என்பதுதான் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். லென்ஸ் அகலம் அந்த உருப்பெருக்கத்துக்குத் தீனி போடுகிற அளவுக்கு இருந்தால் போதும்.

7×50 ஏன் அடிபடுகிறது என்று இப்போது புரியும். லென்ஸ் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது எக்ஸிட் பியூப்பில், அதாவது பைனாகுலரிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம். 7×50-இல் அது 7.1 மி.மீ. அத்தனையையும் வாங்கிக்கொள்ளக் கண்பாவை 7 மி.மீ.க்கு விரிய வேண்டும். இருபது வயதில், நல்ல இருட்டில் விரியும். ஐம்பதைத் தொட்டவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. பக்கத்தில் நின்றுவிடும். தெருவிளக்கு முகத்தில் அடிக்கும் மாடியில் இளைஞர்களுக்கும் முழுதாக விரியாது. மீதி வெளிச்சம் கருவிழியில் விழுந்து வீணாகும், நாம் 50 மி.மீ. கண்ணாடியைக் கழுத்தில் சுமந்துகொண்டு 35 மி.மீ. அளவுக்குப் பார்த்துக்கொண்டிருப்போம். கப்பலில் வேலை செய்பவர்களுக்காகப் பிறந்த அளவு அது. ஆடும் தளத்தில் அதற்குத் தனி அருமை உண்டு. நம் மாடி ஆடுவதில்லை.

10×50-இல் எக்ஸிட் பியூப்பில் 5 மி.மீ., 15×70-இல் 4.7, 20×80-இல் 4. இவை எல்லாமே புறநகருக்கு ஏற்றவை.

ஒப்பிட இரண்டு எளிய சூத்திரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கனடாக்காரர் ராய் பிஷப் சொன்னது, உருப்பெருக்கத்தையும் லென்ஸ் அகலத்தையும் அப்படியே பெருக்குவது. 7×50-க்கு 350, 10×50-க்கு 500, 15×70-க்கு 1050, 20×80-க்கு 1600. ஆலன் ஆட்லர் சொன்னது, உருப்பெருக்கத்தை லென்ஸ் அகலத்தின் வர்க்கமூலத்தோடு பெருக்குவது. அதன்படி 7×50-க்கு 49, 8×42-க்கு 52, 10×50-க்கு 71, 15×70-க்கு 125, 20×80-க்கு 179. ஆட்லரின் கணக்கில் உருப்பெருக்கத்துக்கு மவுசு அதிகம் என்பதால் புறநகருக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். 42 மி.மீ. லென்ஸும் எட்டு மடங்கும் உள்ள பறவைக் கண்ணாடி, 50 மி.மீ. லென்ஸும் ஏழு மடங்கும் உள்ளதை முந்துகிறது பாருங்கள்.

ஆனால் இந்த இரண்டு சூத்திரங்களும் பைனாகுலர் அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. கை அப்படி நிற்காது.

கையா, ஸ்டாண்டா?

பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும். நட்சத்திரங்கள் கோடு கோடாக ஆடும். ஒரு மங்கலான திட்டைக் கண் பிடித்துக்கொள்ள அது சில நொடிகளாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் மூளை அதைத் திரட்டிக்கொள்வதற்குள் நகர்ந்துவிடும். அதனால்தான் கையில் பிடித்த 15×70-ஐவிட ஸ்டாண்டில் வைத்த 10×50 கூடுதலாகக் காட்டும் என்று துணிந்து சொல்கிறேன். பணத்தைப் பிரிப்பதாக இருந்தால் முதலில் ஸ்டாண்டுக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் லென்ஸ்.

எடையையும் பாருங்கள். 10×50 ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 15×70 கிட்டத்தட்ட 1.4 கிலோ. 20×80 இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு கிலோவைச் சாய்ந்து படுத்துக்கொண்டு பிடிக்கலாம். 1.4 கிலோவை ஒரு நிமிடம் பிடிக்கலாம். இரண்டு கிலோவைப் பிடிக்கவே வேண்டாம்.

டிரைபாட் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. கேமரா டிரைபாட் அடிவானத்திலிருந்து 50, 55 டிகிரி வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கழுத்தை மடக்கி, முழங்காலை மடக்கி, டிரைபாடின் கால்களுக்கு நடுவே தலையை நுழைக்க வேண்டிவரும். நமக்கு இது கூடுதல் சங்கடம். சென்னை வட அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிறது. கன்னி ராசிப் பக்கம் உள்ள கேலக்ஸிக் கூட்டத்தின் நடுநாயகமான எம் 87 (எம் என்பது மெசியே போட்ட வானப் பட்டியலின் எண்) வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரியில். ஆக அது உச்சிக்கு வரும்போது நேராகத் தலைக்கு மேல்தான். சிம்மத்தின் எம் 65, எம் 66 இரண்டும் அப்படியே. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதையெல்லாம் சௌகரியமான உயரத்தில் பார்க்கிறார்கள். அவர்கள் டிரைபாட் பற்றி எழுதும் அறிவுரை நம் கழுத்துக்கு ஒத்துவராது.

இதற்கு மூன்று வழி. பாரலலோகிராம் மவுண்ட் என்று இணைகரச் சட்டம் போட்ட ஸ்டாண்ட் ஒன்று இருக்கிறது. பைனாகுலர் டிரைபாடிலிருந்து தள்ளி முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் ஈசிச்சேர் போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். ஆளுக்கு ஏற்ப உயரத்தை மாற்றினாலும் பார்க்கும் இடம் மாறாது, குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட வசதி கிடையாது. விலைதான் சில சமயம் பைனாகுலரையே தாண்டிவிடும். மரவேலை தெரிந்த தச்சர் இருந்தால் நான்கு சட்டம், ஆறேழு போல்ட் வாங்கிக் கொடுத்துச் செய்துகொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வழி பாய். மாடியில் பாயை விரித்து, தலையணையை உயரமாக வைத்து, மல்லாந்து படுத்து, பைனாகுலரைக் கண்குழி எலும்பின் மேல் உட்கார வைப்பது. 10×50-க்கு இது அருமையாக வேலை செய்யும். தலைக்கு மேலே இருக்கும் பொருள்களுக்கு இதுவே முதல் வழி என்றுகூடச் சொல்வேன். 15×70-க்குக் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மூன்றாவது, உள்ளேயே நடுக்கத்தை அடக்கும் பைனாகுலர். கேனன் நிறுவனத்தின் 12×36, 15×50 போன்றவை. பட்டனை அழுத்தினால் ஆடிக்கொண்டிருந்த வானம் சட்டென்று நிற்கும், முதல் தடவை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆட்லரின் கணக்கில் 12×36-க்கு 72. சாதாரண 10×50-இன் அதே எண், ஆனால் கையிலேயே அந்த எண் முழுதாகக் கிடைக்கும். 15×50-க்கு 106. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் 15×50-ஐ வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். சாதாரண 15×70-ஐப் போலப் பல மடங்கு விலை என்பதுதான் தடை.

எதில் எது தெரியும்?

புறநகர் வானம் என்ற பின்னணியை மறக்காமல் படியுங்கள்.

ஆண்ட்ரோமேடா கேலக்ஸி, எம் 31, எந்தப் பைனாகுலரிலும் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தூரம், மேக்னிட்யூட் 3.4. படங்களில் ஆறு நிலாக்களை வரிசையாக வைத்த நீளத்துக்கு விரிந்திருக்கும். மாடியில் அதன் நடுப்பகுதி மட்டும் நீள்வட்டப் புகையாக நிற்கும். வழி எளிது. உத்திரட்டாதியின் வட நட்சத்திரத்திலிருந்து கிழக்கே போய் மிராக் என்ற நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து வடமேற்கே இரண்டு சின்ன நட்சத்திரங்கள் ஏறினால் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு 10×50 போதும், அகன்ற பார்வையால் இன்னும் அழகாகக்கூட இருக்கும். 15×70-இல் கூடுதலாகக் கிடைப்பது எம் 32, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு துணைக் கேலக்ஸி. நட்சத்திரம் போலவே இருக்கும், கொஞ்சம் ஊதிய நட்சத்திரம்.

எம் 33 அடுத்ததாக எல்லோரும் தேடிப் போகும் பொருள். மேக்னிட்யூட் 5.7 என்று பட்டியலில் பார்த்ததும் சுலபம் என்று தோன்றும். அந்த எண் ஏமாற்றும். அது நிலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமான பரப்பில் கரைந்து கிடக்கிறது. இதோடு எம் 82-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். எம் 82-இன் மேக்னிட்யூட் 8.4, மொத்த வெளிச்சத்தில் எம் 33-இன் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் பரப்போ கிட்டத்தட்ட அறுபதில் ஒரு பங்கு. ஆக ஒவ்வொரு துளிப் பரப்பிலும் எம் 82 ஏறத்தாழ 5 மடங்கு பிரகாசம். புறநகரில் 15×70 எம் 82-ஐக் காட்டும், எம் 33-ஐக் காட்டாமல் போகலாம். பட்டியலில் மொத்த மேக்னிட்யூடை மட்டும் பார்த்துவிட்டு மாடி ஏறுபவர்கள் இதனால்தான் சலித்துப் போய்க் கீழே இறங்குகிறார்கள். எம் 101-உம் இதே ரகம், மாடியிலிருந்து விட்டுவிடுங்கள். எம் 94, எம் 104, எம் 82 மாதிரி சிறிதாகத் திரண்டு கிடப்பவைதான் நமக்கு. இவை எல்லாம் உருப்பெருக்கத்தைக் கேட்பவை, 10×50-இல் எல்லைக்கோட்டில் நிற்பவை, 15×70-இல் உள்ளே வந்துவிடுபவை. என் தேர்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் விளக்கம்.

எம் 81, எம் 82 ஜோடி சப்தரிஷி மண்டலத்தின் பக்கம், சென்னையிலிருந்து அதிகபட்சம் 34 டிகிரி உயரம், வடக்கே. மார்ச் கடைசியில் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சரியாக நிற்கும். அங்கேதான் வீடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. தாம்பரத்தில் இருப்பவருக்கு வடக்கு என்றால் மாநகரத்தின் வெளிச்சக் குவியல். 34 டிகிரி உயரத்தில் அந்தக் குவியலைத் துளைத்துப் பார்க்க வேண்டும். பொன்னேரிக்காரருக்கு வடக்கு நிம்மதி. தெற்குதான் கெட்டது. ஆவடியில் கிழக்கு கெட்டது, அதனால் பொருள் உச்சியைத் தாண்டி மேற்கே சாயும்வரை காத்திருக்கலாம். பைனாகுலரைத் தேர்ந்தெடுப்பதைவிடத் திசையைத் தேர்ந்தெடுப்பது சில இரவுகளில் பெரிய விஷயம்.

தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெற்கு வானம்தான் சொத்து. என்ஜிசி 253 என்ற கேலக்ஸி (என்ஜிசி என்பது இன்னொரு வானப் பட்டியல்) அங்கே இருக்கிறது. 1783-இல் கரோலின் ஹெர்ஷல் இங்கிலாந்திலிருந்து கண்டுபிடித்தது, அவருக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் எழும். நமக்கு 50 டிகிரிக்கு மேல் ஏறும். மேக்னிட்யூட் 7 சுற்றி, நீளமான ஊசி வடிவம், 15×70-இல் நீட்சி தெரியும். ஜனவரியில் இருட்டியதும் பார்த்துவிட வேண்டும், அதற்கு மேல் மேற்கே இறங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எம் 31-க்கும் இதற்கும் உகந்த மாதங்கள்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழை அந்த மாதங்களைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது.

எம் 104 எனக்குப் பிடித்த சோதனைப் பொருள். ஏப்ரல், மே இரவுகளில் சித்திரை நட்சத்திரத்துக்கு மேற்கே 11 டிகிரி, அஸ்தத்துக்கு வடக்கே. மேக்னிட்யூட் 8. 10×50-இல் ஒரு நட்சத்திரத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், அதுவும் பக்கவாட்டுப் பார்வையில். 15×70-இல் கிழக்கு மேற்காக ஒரு சின்னக் கீற்று என்று சொல்லிவிடலாம். இரண்டையும் கடன் வாங்கி ஒரே இரவில் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தால் இதன் மேல் ஒப்பிடுங்கள்.

சென்டாரஸ் ஏ, அதாவது என்ஜிசி 5128, தெற்கே 34 டிகிரி வரை ஏறும். பக்கத்தில் நாலரை டிகிரி தள்ளி ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்ட நட்சத்திரக் கொத்து. 10×50-இன் பார்வை வட்டம் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் என்பதால் இரண்டும் ஒன்றாகவே அடங்கும். 15×70-இல் நாலு டிகிரி சொச்சம்தான், தள்ளிப் பார்க்க வேண்டும். மே மாதம் பத்து மணிக்கு இந்தப் பக்கம் பார்க்கலாம், கடலோரப் புழுக்க மூட்டம் அனுமதித்தால்.

மெகல்லன் மேகங்கள்? பெரியது சென்னையில் அடிவானத்துக்கு 7 டிகிரி மேலே தலைகாட்டும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரம். கன்னியாகுமரிக்குப் போனாலும் 12 டிகிரிதான்.

செலவில்லாமல் முன்னேற

எந்தப் பைனாகுலர் வாங்கினாலும் மாடியில் சில காரியங்கள் செய்தால் ஒரு படி பெரிய கருவி வாங்கிய பலன் கிடைக்கும். தெருவிளக்கு கண்ணில் நேராக விழாத இடத்தில் நில்லுங்கள், சின்டெக்ஸ் டேங்கின் நிழல் அதற்கென்றே அமைந்த இடம். தலைக்கு மேல் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள், பக்கத்து மாடிக்காரர் என்ன நினைத்தாலும் சரி. போனை எடுக்காமல் 20, 30 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் குச்சி செல்கள் பார்வையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. இரண்டு கண்ணும் திறந்திருப்பது பைனாகுலரின் பெரிய பலம். ஒரு கண்ணைவிட இரண்டு கண்ணில் மங்கலான பொருளைப் பிடிக்கும் திறன் சுமார் 1.4 மடங்கு. ஒரு கண்ணின் குருட்டுப் புள்ளியை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும்.

ஏசி அறையிலிருந்து பைனாகுலரை நேராக மாடிக்குக் கொண்டு போகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். பையோடு அரைமணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துவிடுங்கள்.

ஒளி மாசு ஃபில்டர் என்று விற்பதை வாங்காதீர்கள். அவை குறிப்பிட்ட நிறங்களில் ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு உதவும். கேலக்ஸியின் வெளிச்சம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கலவை, எல்லா நிறமும் அதில் உண்டு. எல்இடி தெருவிளக்கும் எல்லா நிறமும் கொட்டுகிறது. எதை வடிகட்டுவது?

மின்வெட்டு வந்தால் நல்லதுதான் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சேதி. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியோர் இருட்டு இந்த ஊருக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும்? ஆனால் டிசம்பர் 14 பௌர்ணமி.

வேறு இரண்டு யோசனைகள்

அதே பணத்துக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 150 மி.மீ. டாப்சோனியன் (எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப்) கேலக்ஸி விஷயத்தில் இந்தப் பைனாகுலர்கள் எல்லாவற்றையும் தோற்கடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். உருப்பெருக்கத்தை 50, 75 என்று ஏற்றலாம், எம் 82-இன் சுருட்டு வடிவம் தெரியும். ஆனால் அதை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், குளிரவைக்க வேண்டும், கண்ணாடிகளைச் சீர்செய்ய வேண்டும். மேகம் விலகி இருபது நிமிட இடைவெளி கிடைக்கும் சென்னை இரவுகளில் பைனாகுலரோடு மேலே போனவர் நாலு பொருள் பார்த்து முடித்திருப்பார். தனிவீடு, தரைத்தளம், விடுமுறை நாள் நிறைய என்றால் டெலஸ்கோப்பே வாங்குங்கள்.

20×80-ஐ ஏன் விலக்கினேன் என்பதும் இங்கேதான் வருகிறது. சூத்திரத்தில் அது ஜெயிக்கிறது. ஆனால் கனமான ஸ்டாண்ட் இல்லாமல் அது பயன்படாது. இரண்டையும் சேர்த்தால் எடையிலும் தொந்தரவிலும் டெலஸ்கோப்பை நெருங்கிவிடும், காட்டுவதில் நெருங்காது.

இன்னொரு யோசனை, பெரிய கருவிக்குப் பதில் ரயில் டிக்கெட். ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் பக்கம். வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கென்று தேடிப் பிடித்த காவலூர் அந்த ஜவ்வாது மலையில்தான், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. மலையிலும் ரிசார்ட் விளக்குகள் வந்துவிட்டன, இடம் பார்த்துத்தான் போக வேண்டும். ஆனாலும் நிலா இல்லாத பிப்ரவரி, மார்ச் இரவில் அங்கே கொண்டு போன 10×50, தாம்பரம் மாடியில் நிற்கும் 20×80-ஐவிட அதிகக் கேலக்ஸி காட்டும். மாடியில் காணாமல் போன எம் 101-ஐ அங்கே தேடிப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது அப்படிப் போகக்கூடியவர் என்றால் 15×70 யோசனையை விட்டுவிட்டு 10×50-இலேயே நில்லுங்கள், பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம்.

வாங்கும்போது

ஜூம் பைனாகுலர், ரூபி சிவப்புப் பூச்சு, "100×" என்று அட்டையில் போட்டவை மூன்றையும் தொடவே வேண்டாம். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்புகளாவது இருக்கும். திருப்பி அனுப்பியதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அலைந்து கான்ட்ராஸ்டைக் கெடுக்கும், நமக்கு இருக்கும் ஒரே மூலதனம் அதுதான். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, பாக்-4 (ஒரு நல்ல ரகக் கண்ணாடி) பிரிசம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ஈரத்துக்கு நைட்ரஜன் நிரப்பி மூடியது கிடைத்தால் நல்லது, உள்ளே பூஞ்சை பிடிக்காது. விலை குறைந்த 15×70-களில் அது இருக்காது, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்களில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்துகொள்ளலாம். அஸ்டிக்மாடிசம் இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும், ஐ ரிலீஃப், அதாவது கண்ணைப் பைனாகுலரிலிருந்து தள்ளி வைக்கக்கூடிய தூரம், 16 மி.மீ.க்கு மேல் இருப்பதாகத் தேடுங்கள்.

சில மலிவான 70 மி.மீ. பைனாகுலர்களில் உள்ளே இருக்கும் தடுப்பு, லென்ஸின் ஓரத்தை மறைத்துவிடும், 70 என்று எழுதியிருந்தாலும் அறுபத்துச் சொச்சம்தான் வேலை செய்யும். கண்டுபிடிக்க, கண் வைக்கும் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி டார்ச்சைப் பிடித்து, முன்பக்க லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். விழும் வெளிச்ச வட்டத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. ஸ்டாண்டில் மாட்ட நடுக்கம்பியின் முனையில் கால் அங்குலத் திருகு இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, கடை வாசலில் நின்று தூரத்து செல்போன் டவரின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால் இழுங்கள். ஒரு டவர் இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பீஸ் வேண்டாம், அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.